ஊருக்கும் ஓர் உட்பிரிவு

அரசுக் கட்டடப் பணி ஒன்றின் ஒப்பந்த ஆவணத்தைப் புரட்டினால், சிமெண்டின் தரம், கம்பியின் விட்டம், மணலில் இருக்கத்தக்க வண்டலின் அளவு என ஒவ்வொன்றும் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்கும். வார்க்கும் கான்கிரீட்டில் ஒரு பகுதியை 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் எடுத்துவைத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் அழுத்திப் பார்ப்பார்கள். குறித்த வலிமை வரவில்லையென்றால் அந்த வார்ப்புக்குரிய பணம் நிற்கும்; சில வேளை இடித்துக் கட்டவும் நேரும். இத்தனை கண்டிப்பும் தேவையே. ஆனால் அதே கான்கிரீட்டைத் தலையில் சுமந்த சித்தாள், இரண்டாண்டுப் பணி முடிந்து வெளியேறும் நாளில் கரண்டி பிடிக்கக் கற்றிருக்கிறாரா, அவ்வூரின் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி படித்த இளைஞர் ஒருவராவது அக்கட்டடத்தில் வேலை பழகினாரா என்று கேட்கும் வரி ஒன்றைத் தேடினால் கிடைப்பது அரிது.

அந்த வரி வேண்டும் என்பதே நம் வாதம். நாட்டின் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அரசுக் கொள்முதல் வழியாகச் செலவாகிறது என்பது பொதுவான கணிப்பு. இவ்வளவு பெரிய வாங்குநர் வேறு யாரும் இல்லை. வாங்கும் பொருளோடு சேர்த்து, வேலை கற்ற கைகளையும், சிறு தொழில் முனைவோருக்குரிய பணியையும், பணி நடக்கும் ஊருக்குரிய நன்மையையும் அதே பணத்தில் கேட்டுப் பெறும் வலிமை அரசுக்கு உண்டு. அதைக் கோரிக்கையாகவோ வேண்டுகோளாகவோ வைக்காமல், ஒப்பந்தத்தின் கடமையாக எழுத வேண்டும். நிறுவனங்கள் சட்டம், 2013 பெருநிறுவனங்கள் மீது சுமத்தியுள்ள 2 விழுக்காட்டுச் சமூகப் பொறுப்புச் செலவோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. அந்தப் பணத்தை எங்கே செலவிடுவது என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. இங்கே கேட்பவர் பணம் கொடுப்பவர். கேட்பது அவர் உரிமை.

தமிழகத்துக்கு இது புதிய கருத்தன்று. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய வேட்டி சேலைத் திட்டம், ஏழைகளுக்குப் பொங்கல் துணி தரும் திட்டம் மட்டுமன்று. கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களின் நெசவாளர்களுக்கு ஆண்டு முழுவதும் தறி ஓட வேண்டும் என்பதும் அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையைத் தைப்பவர்கள் சமூக நலத்துறையின் கீழுள்ள மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். கூலி போதவில்லை என்ற அவர்களின் குறை நியாயமானது. ஆயினும் அந்தக் கூலி அவர்களைத்தான் சேர வேண்டும் என்று அரசு முடிவு செய்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். அதிலும் அதே பள்ளியில் தம் பிள்ளை படிக்கும் தாய்மாருக்கே முன்னுரிமை. தன் மகள் உண்ணப்போகும் உப்புமாவைக் கிளறுபவரிடம் தரச் சோதனைக்குத் தனி அலுவலர் தேவைப்படுவது குறைவு. இதைவிடச் சிறந்த கொள்முதல் நிபந்தனையை எந்த நாட்டுச் சட்டநூலிலும் காண்பது அரிது.

ஆக, நூலிலும் சோற்றிலும் நம் அரசு ‘யார் செய்தது?’ என்று கேட்கிறது. கல்லிலும் கம்பியிலும் கேட்பதில்லை. சாலை, பாலம், மருத்துவமனை, குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால் என்று பெரும்பணம் புழங்கும் இடத்தில், விலை ஒன்றே பேசுகிறது.

ஒன்றிய அரசிலும் இதே பிளவு. குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை 2012இல் வந்தது. ஒன்றிய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டை அவற்றிடமிருந்து பெற வேண்டும். அதனுள் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு. 3 விழுக்காடு பெண்களுக்கு. பாராட்டத்தக்க ஆணை. ஆனால் அது பொருள்களுக்கும் சேவைகளுக்குமே பொருந்தும். கட்டுமானப் பணி ஒப்பந்தங்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. மிகுதியான உடலுழைப்பு எங்கே வாங்கப்படுகிறதோ, அங்கே கொள்கை வாய்மூடி நிற்கிறது.

இதற்கு அலுவலர்கள் சொல்லும் காரணம் ஒன்றே: சட்டம் இடம் தராது, எல்-1 எனும் குறைந்த விலைக்காரருக்குத்தான் பணி. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. இந்தியாவில் இத்துறையில் முதன்முதலாக வந்த மாநிலச் சட்டம் அது. அதன் 10ஆம் பிரிவை நிதானமாகப் படிப்பவருக்கு வேறொன்று தெரியும். குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. ஆனால் அந்தக் குறைவை எப்படிக் காண்பது என்பதற்கு, ஒப்பந்த ஆவணத்தில் குறித்த, அளந்து காட்டத்தக்க காரணிகளையும் அவற்றுக்கிடையே தரப்பட்ட ஒப்பீட்டு மதிப்பையும் அடிப்படையாக வைக்கிறது. அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறினால் போதும் என்றே நாம் அப்பிரிவைப் புரிந்துகொள்கிறோம். இத்தனை பயிற்சி இடங்கள், இத்தனை மாதம் என்பது அளக்கத்தக்க எண்தானே? கதவு பூட்டப்படவில்லை, தள்ளிப் பார்க்க யாரும் துணியவில்லை.

துணிந்தவர்களின் பட்டறிவு நம்முன் உள்ளது. ஸ்காட்லாந்தின் கொள்முதல் சீர்திருத்தச் சட்டம் 2014இல் நிறைவேறி 2016இல் நடைமுறைக்கு வந்தது. 40 இலட்சம் பவுண்டும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், சமூகப் பயன் நிபந்தனை சேர்க்கலாமா என்று அரசு அமைப்பு எண்ணிப் பார்த்தாக வேண்டும். அந்த நிபந்தனை எதைப் பற்றியது என்பதையும் சட்டம் வரையறுக்கிறது. பயிற்சியும் வேலைக்கு ஆளெடுப்பும் ஒன்று. துணை ஒப்பந்த வாய்ப்புகள் மற்றொன்று. முதன்மைப் பணியின் நோக்கத்துக்கு மேலாக அப்பகுதியின் பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் நலத்தைக் கூட்டுவது மூன்றாவது. கட்டாயமாகச் சேர் என்று அது சொல்லவில்லை. சேர்க்கவில்லையென்றால், ஏன் சேர்க்கவில்லை என்ற காரணத்தை ஒப்பந்த அறிவிப்பிலேயே எழுதி ஊரறிய வெளியிடு என்கிறது. சேர்த்தால், என்ன பயன் எதிர்பார்க்கப்படுகிறது என்பதைப் பணி வழங்கும் அறிவிப்பில் சொல்ல வேண்டும். கொள்முதல் மிகுந்த அமைப்புகள் தம் ஆண்டறிக்கையில், நிறைவேறியது என்ன என்றும் கணக்குக் காட்ட வேண்டும்.

இந்த மென்மையில்தான் அச்சட்டத்தின் வலிமை இருக்கிறது. ‘கூடாது’ என்று கோப்பில் ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போவது எளிது. ‘ஏன் கூடாது’ என்று பெயர் போட்டு எழுதுவது கடினம். அலுவலரின் மௌனத்துக்கு இருந்த இடத்தை அச்சட்டம் எடுத்துவிட்டது.

சட்டம் வருமுன்பே கிளாஸ்கோ மாநகராட்சி இவ்வழியில் நடந்தது. 2014ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளுக்கான அரங்குப் பணிகளில், நெடுநாள் வேலையற்றோரையும் தொழில் பழகுநரையும் சேர்க்க வேண்டும், சிறு நிறுவனங்களுக்கும் சமூக நிறுவனங்களுக்கும் துணை ஒப்பந்தங்களைத் திறந்துவைக்க வேண்டும் என்ற உட்பிரிவுகளை அது எழுதியது. வீரர்களின் குடியிருப்பு எழுந்த டால்மர்னாக், ஸ்காட்லாந்தின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றான நகரின் கிழக்குப் பகுதியில் உள்ளது. எல்லாம் நன்மையாக முடிந்தது என்று சொல்ல நாம் வரவில்லை. அதே குடியிருப்புக்காக அவ்விடத்து மக்கள் சிலர் வீடிழந்து வெளியேற்றப்பட்டார்கள்; பயிற்சி இடங்கள் அந்த இழப்புக்கு ஈடாகா. ஒப்பந்த உட்பிரிவு தான் தொட்டதை மட்டுமே சீர்செய்யும். நில எடுப்பின் அநீதியை அது மறைக்கும் திரையாக ஆகிவிடக் கூடாது.

நம் நாட்டிலும் ஒரு விளையாட்டு விழா உண்டு. 1982இல் தில்லியில் ஆசிய விளையாட்டுகளுக்காக அரங்குகளும் மேம்பாலங்களும் எழுந்தன. கட்டிய தொழிலாளருக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கூலி ₹9.25. ஆள் கூட்டிவந்த ஜமாதார்கள் அதில் ஒரு ரூபாயைக் கழித்துக்கொண்டார்கள். தொழிலாளர் கைக்கு வந்தது ₹8.25. மக்கள் ஜனநாயக உரிமைகள் கழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியபோது, இது ஒப்பந்ததாரர் செய்த பிழை, எங்கள் மீது வழக்கு நிற்காது என்றது அரசுத் தரப்பு. நீதியரசர் பகவதி அதை ஏற்கவில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு, அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றும், பணியை ஒப்படைத்துவிட்டோம் என்று அரசு கைகழுவ முடியாது என்றும் அத்தீர்ப்பு சொன்னது. பொது ஒப்பந்தத்தில் மனிதருக்குரிய கடமை அரசையே சாரும் என்ற நெறி, இந்த நாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நிலைநாட்டப்பட்டுவிட்டது.

நெறி இருந்தும் வழக்கம் மாறவில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது நிபந்தனைகளில், ஒவ்வொரு தொழிற்பிரிவிலும் தேர்ச்சி பெற்ற, ஓரளவு தேர்ச்சி பெற்ற தொழிலாளருள் 20 விழுக்காட்டுக்குக் குறையாதோர் முறையான சான்றிதழ் உடையவராக இருக்க வேண்டும் என்ற உட்பிரிவு உண்டு. நல்ல உட்பிரிவு. ஆனால் அரசு ஒப்பந்தம் எதில் உயிர் வாழ்கிறது என்பதைப் பணியிடத்தில் நின்றவர் அறிவர்: அளவீட்டுப் புத்தகம். தோண்டிய மண் எத்தனை கன மீட்டர், பூசிய சுவர் எத்தனை சதுர மீட்டர் என்று இளநிலைப் பொறியாளர் எழுதி, உதவிச் செயற்பொறியாளர் சரிபார்த்தால்தான் பில் நகரும். அதில் பதிவாகாத கடமை, எவ்வளவு உயர்ந்த சொற்களில் எழுதப்பட்டிருந்தாலும், இறுதிப் பில்லோடு மறக்கப்பட்டுவிடும். ஆகவே பயிற்சி என்பது பொது நிபந்தனைகளின் கடைசிப் பக்கங்களில் கிடக்கக் கூடாது. பணி அளவுப் பட்டியலில் தனி வரிசை எண்ணோடு வர வேண்டும்: பயிற்சியாளர் எத்தனை பேர், எத்தனை மாதம், எந்தச் சான்றிதழ், அதற்கு எவ்வளவு தொகை. மண்ணை அளப்பதுபோல் அதையும் அளந்து எழுத வேண்டும்.

பணத்தைப் பிரித்துத் தனி நிதியில் போட்டுவிட்டால் போதும் என்ற யோசனையும் எழும். அந்த வழியின் முடிவை நாம் கண்டுவிட்டோம். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தீர்வையாகத் தொழிலாளர் நலவாரியங்களுக்குப் போனது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், குவிந்த நிதியில் பெரும்பகுதி உரியவர்களைச் சேரவில்லை என்பதையும், கட்டுமானத் தொழிலாளரின் பெயரால் மடிக்கணினிகளும் சலவை இயந்திரங்களும் வாங்கப்பட்டதையும் சுட்டி வருந்தியது. பணியிடத்திலிருந்து விலகிப்போன பணம், பணியாளரிடமிருந்தும் விலகியது.

இனி, யாருக்குப் பயிற்சி என்ற கேள்வி. தமிழ்நாட்டுக் கட்டுமானத்தில் பெண்கள் பெருந்தொகையாக இருக்கிறார்கள். ஏறத்தாழ அனைவரும் சித்தாள்களே. பதினெட்டு வயதில் சட்டி சுமக்கத் தொடங்கியவர் ஐம்பதிலும் சட்டியே சுமக்கிறார். அவரோடு வேலைக்கு வந்த ஆண், சில ஆண்டுகளில் மேஸ்திரியின் அருகில் நின்று கரண்டி பிடித்து, கொத்தனாராகிக் கூடுதல் கூலி பெறுகிறார். திறமையில் இருவருக்கும் வேறுபாடில்லை. அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்க யாருக்கும் காரணம் இருந்ததில்லை, அவ்வளவே. அரசு தன் ஒப்பந்தத்தில் ஒரு காரணத்தை எழுதித் தரலாம். இருபது கோடி ரூபாய்ப் பணி ஒன்றில் பத்துச் சித்தாள்கள் பூச்சுவேலையும் ஓடு பதித்தலும் கற்றுச் சான்றிதழோடு வெளியேற வேண்டும் என்றால், எந்த ஒப்பந்ததாரரும் அதனால் நொடித்துப்போக மாட்டார். ‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்களில் திறன் வளர்ப்புக்காக அரசு ஒருபுறம் செலவிடுகிறது. மறுபுறம் கட்டுமானத்துக்குச் செலவிடுகிறது. இரண்டு பணமும் ஒரே கருவூலத்திலிருந்து புறப்பட்டும் ஒரே இடத்தில் சந்திப்பதில்லை. 118.9 கிலோமீட்டர் நீளமும் ₹63,246 கோடி மதிப்பும் கொண்ட சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணி முடியும்போது, சுரங்கம் துளைக்கும் இயந்திரத்தை இயக்கவும் பழுதுபார்க்கவும் தெரிந்தவர் எத்தனை பேரை இந்த மாநிலம் பெற்றிருக்கும் என்று இப்போதே கேட்பதே முறை.

‘உள்ளூர்’ என்ற சொல்லில் ஓர் ஆபத்து உள்ளது; அதை மறைக்காமல் பேச வேண்டும். இன்று தமிழகக் கட்டுமானங்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத் தொழிலாளர் உழைப்பு பெரிது. சமூகப் பயன் என்ற பெயரில் அவர்களுக்கெதிராக வேலி எழுப்ப யாரேனும் முயன்றால், நாம் அதை முதல் ஆளாக எதிர்ப்போம். அறத்துக்கு மட்டுமன்று, சட்டத்துக்கும் அது ஒவ்வாது: தனியார் வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூர்க்காரருக்கு ஒதுக்கிய ஹரியானாச் சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் நீக்கியது. பிறந்த இடத்தைக் கேட்கும் நிபந்தனை வேண்டியதில்லை. வேலை கற்க வேண்டியவர் யார் என்பதே அளவுகோலாகட்டும். பணியிடத்துக் கொட்டகையில் வாழும் ஒடிசாப் பெண்ணும் அதே ஊரின் சித்தாளும் ஒரே பயிற்சி வரிசையில் நிற்கட்டும். அவர்களின் குழந்தைகளுக்குக் காப்பகமும், நீர் கசியாத கூரையும், கழிப்பறையும் அந்த ஒப்பந்தம் தரவேண்டிய சமூகப் பயனின் முதல் தவணை.

ஐரோப்பிய நீதிமன்றம் 1988இல் பெயென்ட்யஸ் வழக்கில் வகுத்த எல்லை இங்கும் பொருந்தும். நெதர்லாந்துப் பொதுப்பணி ஒன்றில் நெடுநாள் வேலையற்றோரை அமர்த்த வேண்டும் என்ற நிபந்தனை செல்லுமா என்பது கேள்வி. முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, பாகுபாடு விளைவிக்காவிட்டால் செல்லும் என்றது நீதிமன்றம்.

சிறு ஒப்பந்ததாரர்களின் அச்சத்தையும் தள்ளிவிடலாகாது. புதிய நிபந்தனைகள் பெரிய நிறுவனங்களுக்குப் படிவம் நிரப்பும் வேலை, சிறியவர்களுக்கு வெளியேற்றம். கர்நாடகம் 2017இல் தன் ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்தி, 50 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பணிகளில் 17.15 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினருக்கும் 6.95 விழுக்காட்டைப் பழங்குடியினருக்கும் ஒதுக்கியது. அந்த வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டது. சிறு பணிகளுக்கு இதுவே பொருத்தமான வழி. பயிற்சி உட்பிரிவைப் பெரும் பணிகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உழைப்பவரே ஒப்பந்ததாரராகலாம் என்பதற்குக் கேரளத்தில் சான்று உண்டு. வடகரைக்கு அருகே ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் வழிகாட்டலில் 1925இல் தொடங்கியது. சாதிக் கட்டுப்பாட்டை மீறியதால் வேலை மறுக்கப்பட்ட கூலித் தொழிலாளர்கள், தமக்குத் தாமே வேலை தேடிக்கொள்ளச் சேர்ந்த சங்கம் அது. இன்று அச்சங்கம் சாலைகளும் பாலங்களும் கோழிக்கோட்டில் கணினிப் பூங்காவும் கட்டி நிற்கிறது, கட்டுபவர்களே உடைமையாளர்கள். அதற்குப் போட்டியின்றிப் பணிகள் தரப்படுகின்றன என்ற எதிர்ப்பும் வழக்கும் எழுந்ததுண்டு. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. சங்கத்துக்கு முன்னுரிமை கொடுங்கள், போட்டியை ஒழிக்காதீர்கள்.

செலவு கூடும் என்பார்கள். கூடும், சிறிதளவு. அதை ஒப்பந்ததாரர் தலையில் கட்டி, அவர் அதைக் கம்பியில் குறைக்க விடுவதுதான் பிழை. பயிற்சித் தொகையை அரசே நிர்ணயித்து, எல்லா விலைப்புள்ளிகளுக்கும் ஒன்றாக, விலைப்போட்டிக்கு வெளியே வைத்துவிட்டால், எவரும் அதைக் குறைத்துப் போட்டி போட முடியாது. பயிற்சி நடந்தால் தொகை உண்டு. நடக்காவிட்டால் தொகையும் இல்லை, நிறுத்திவைப்புத் தொகையிலிருந்து பிடித்தமும் உண்டு. தொழில் பழகுநர் சட்டம், 1961 ஏற்கெனவே 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் மொத்தப் பணியாளரில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரை எடுக்க வேண்டும் என்கிறது. அந்தக் கடமைக்கே இன்னொரு முறை பணம் கொடுப்பதாக இது ஆகிவிடாமல், அதற்கு மேற்பட்டதற்கே தொகை என்று எழுத வேண்டும்.

இன்னும் கடினமான மறுப்பு ஊழலைப் பற்றியது. ‘ஊருக்கு ஏதாவது செய்யுங்கள்’ என்ற மிரட்டலை ஒப்பந்ததாரர்கள் இன்றும் கேட்கிறார்கள். அந்த ஊர் பெரும்பாலும் ஒரு கட்சிப் பிரமுகரின் வீட்டு வாசலோடு முடிகிறது. கோவிலுக்கு நன்கொடை, திருவிழாவுக்குப் பந்தல், சொன்ன ஆளுக்கு மணல் லாரி என்று கணக்கில் வராத ‘சமூகப் பயன்’ வெகுகாலமாக வசூலாகிறது. எழுதப்பட்ட உட்பிரிவு அந்த வசூலுக்குப் புதிய பெயராகிவிடக் கூடாது. பணி வழங்கப்பட்ட பின் பேசி முடிவுசெய்யும் எந்த நன்மையும் கூடாது. பணமாகவோ கட்டடமாகவோ எதையும் யாருக்கும் ஒப்படைக்கும் உட்பிரிவு கூடாது. ஆள், மாதம், சான்றிதழ், கூலிச்சீட்டு ஆகியவை மட்டுமே நிறைவேற்றத்தின் சாட்சியாகட்டும்.

தமிழக அரசு செய்ய வேண்டியதற்குப் புதிய சட்டம் தேவையில்லை என்பது நம் கருத்து. 2000ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி விதிகளில் ஒரு திருத்தம் போதும்: குறித்த மதிப்புக்கு மேற்பட்ட பணி ஒவ்வொன்றிலும் சமூகப் பயன் உட்பிரிவு சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் ஒப்பந்தப்புள்ளி கோரும் அதிகாரி காரணத்தை அந்த அறிவிப்பிலேயே வெளியிட வேண்டும். பொதுப்பணித்துறையும் நெடுஞ்சாலைத்துறையும் பொது விலைப் பட்டியலில் பயிற்சிக்கு ஒரு வரிசையைச் சேர்க்க வேண்டும். பணியிடங்களில் மதிப்பீட்டுத் தொகையும் ஒப்பந்ததாரர் பெயரும் முடிவுநாளும் எழுதிய பலகை ஒன்றை நட வேண்டும் என்ற வழக்கம் இருக்கிறது. அதில் இன்னொரு வரி வேண்டும்: இப்பணியில் தொழில் பழகுவோர் இத்தனை பேர், அவர்களுள் பெண்கள் இத்தனை பேர். அவ்வழியே போகும் எவரும் உள்ளே சென்று எண்ணிப் பார்க்கலாம்; எண்ணிக்கை குறைந்தால் கிராம சபையில் எழுந்து கேட்கலாம். வரும் நிதியாண்டின் முதல் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலிருந்தே இதைத் தொடங்க அரசுக்குத் தடை ஏதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.